பெரிய எழுத்தில் போட்டால் போதுமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக): "வணக்கம் மேடம். நுகர்வோர் உரிமைக்காக இயங்கும் ஓர் அமைப்பில், கொள்கை வரைவு எழுதும் பிரிவில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். 'முதல் மாதம் இலவசம்' என்று சேர்த்துக்கொண்டு, பிறகு மாதாமாதம் கார்டிலிருந்து பணம் பிடிக்கும் சந்தாக்களைப் பற்றித்தான் இப்போது எங்களுக்கு அதிகப் புகார் வருகிறது. இதற்கு ஒரு விதிமுறையைப் பரிந்துரைத்து வரைவு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நிபந்தனைகளைப் பெரிய எழுத்தில் போட வேண்டும், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று டிக் வாங்க வேண்டும், அவ்வளவு போதும் என்பது என் மேலதிகாரியின் யோசனை. அதற்கு மேல் போனால் வளர்ந்த மனிதர்களைக் குழந்தைகள்போல் நடத்துவதாகிவிடும் என்கிறார். மனிதர்கள் நடைமுறையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் நடத்தைப் பொருளாதாரம் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன், அதை இதில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நானே ஓர் உடற்பயிற்சிச் செயலிக்கு எட்டு மாதம் பணம் கட்டியிருக்கிறேன். திறந்து பார்த்தது இரண்டே முறை. இந்த வேலையில் இருக்கும் எனக்கே இப்படி என்றால், தப்பு யார் மேல்?"

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வரைவுக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

எட்டு மாதம் கட்டியதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. உங்களைப் போன்றவர்களைப் பற்றியே ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய மூன்று ஆண்டு வருகைப் பதிவுகளை எடுத்து அலசினார்கள். 2006இல் அது வெளியானது. மாதச் சந்தா 70 டாலருக்கு மேல். அதைக் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே கூடத்தில் பத்து முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலரோடு போயிருக்கும். கடைசியாகக் கூடத்துக்குப் போன நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக 2.3 மாதம் ஓடியிருக்கிறது. இன்னொரு விஷயமும் வெளிவந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வசதிக்காகவே மாதச் சந்தா எடுத்தவர்கள், ஆண்டுச் சந்தா எடுத்தவர்களைவிட, ஓராண்டைத் தாண்டித் தொடரும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகமாக இருந்தது.

இந்த 7,752 பேரில் விலை தெரியாதவர் யார்? எழுத்து சின்னதாக இருந்ததால் ஏமாந்தவர் யார்? சேரும்போது, அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காகப் போவோம் என்று மனதார நம்பினார்கள். போகாமல் விட்டபோது, அடுத்த வாரம் ரத்து செய்துவிடலாம் என்று அதே மனதோடு நம்பினார்கள். நாளைய தன்னைப் பற்றி இன்றைய மனிதன் போடும் கணக்கு தப்பிப்போகிறது. உங்களுக்கும் அதுதான் நடந்தது. உங்கள் மேலதிகாரி சொல்லும் பெரிய எழுத்து, இந்தக் கணக்கை எந்த இடத்தில் திருத்தும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்படி ஓர் இடம் தெரியவில்லை.

சந்தாக்களைப் பற்றியே நேராகவும் பார்த்திருக்கிறார்கள். லிரான் ஐனாவ், பென் க்ளோபாக், நீல் மஹோனி மூவரும் பத்துச் சந்தா சேவைகளுக்கான கார்டு கட்டணப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் கவனித்தது ஒரு சின்ன நிகழ்வை. கார்டு காலாவதியாகி, புதிய கார்டு வருகிறது. பழைய எண்ணில் பணம் பிடிக்க முடியாது, வாடிக்கையாளர் புதிய எண்ணைத் தானே கொடுத்தாக வேண்டும். அந்த மாதத்தில் ரத்துகள் திடீரென்று ஏறுகின்றன. சேவை மாறவில்லை, விலை மாறவில்லை. "இது உங்களுக்கு இன்னும் வேண்டுமா?" என்ற கேள்வி ஒருமுறை எதிரே வந்து நின்றது, அவ்வளவுதான். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் மட்டும் இந்தச் சேவைகளுக்கு வருமானம் 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கு மேல்வரை கூடுகிறது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எங்கள் துறையில் அண்மைக் காலத்தில் வந்த ஆய்வுகளில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது இதுதான். ஒரு வணிகத்தின் வரவில் இவ்வளவு பங்கு மறதியிலிருந்து வருகிறது என்றால், அந்த மறதியைத் தீர்க்கச் சொல்லி அந்த வணிகத்திடமே ஒரு அறிவிப்புப் பலகையைக் கொடுக்கிறோம் நாம்.

அறிவிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். "சொல்லிவிட்டோம், அப்புறம் அவர் பாடு" என்ற எண்ணம் நம் துறையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. டெய்லியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் மூர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையை உங்கள் மேலதிகாரியிடம் அவசியம் சொல்லுங்கள். ஒரு ஜாடி நிறைய நாணயங்கள். ஒருவர் தள்ளி நின்று சில நொடிகள் மட்டும் பார்த்து, மொத்தம் எவ்வளவு தேறும் என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் கிட்டத்தில் பார்த்துவிட்டு அவருக்கு ஆலோசனை தருவார். சில ஆலோசகர்களுக்கு மட்டும், எதிரில் இருப்பவர் தொகையைக் கூட்டிச் சொன்னால் கூலி கூடும் என்று ஏற்பாடு. ஒரு குழுவில் இந்த ஏற்பாட்டை மறைத்தார்கள், இன்னொரு குழுவில் வெளிப்படையாக அறிவித்தார்கள். அறிவித்த குழுவில் ஆலோசகர்கள் தொகையை இன்னும் ஏற்றிச் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவு கழிக்கவில்லை. முடிவில், உண்மை சொல்லப்பட்டவர்கள்தான் அதிகம் தவறினார்கள். 'தெரிவித்துவிட்டோம்' என்ற நிம்மதி தெரிவித்தவருக்குக் கேடயமாகிவிட்டது. 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற டிக்கும் நாளைக்கு இதே வேலையைச் செய்யும். புகாரோடு வருகிறவரின் முன்னால் அந்த டிக்கை எடுத்து வைப்பார்கள்.

தகவலால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2015இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. வங்கிக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் கட்டணமாக, அதாவது இருப்புக்கு மேல் பணம் எடுத்ததற்கான கட்டணமாக, எவ்வளவு போனது என்று ஆண்டுக்கு ஒருமுறை விவரமாக அனுப்பும் அறிக்கையால் எந்த மாற்றமும் இல்லை. கட்டணமும் குறையவில்லை, யாரும் வங்கியை மாற்றவும் இல்லை. அதே நேரத்தில், குறுஞ்செய்தி எச்சரிக்கைக்கோ மொபைல் செயலிக்கோ பதிவு செய்தவர்களுக்கு, அனுமதி பெறாத ஓவர்டிராஃப்ட் கட்டணம் 5 முதல் 8 சதவீதம்வரை குறைந்தது. இரண்டுக்கும் பதிவு செய்தவர்களுக்கு 24 சதவீதம். ஆண்டறிக்கை கைக்கு வரும்போது காசு போய் மாதக்கணக்காகிறது. குறுஞ்செய்தி வரும்போது இன்னும் ஏதாவது செய்ய நேரம் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி, கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைகளுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் போக வேண்டும் என்று வைத்த விதியும் இந்த வழியில் வந்ததுதான். ஆகவே உங்கள் மேலதிகாரி தகவல் வேண்டும் என்று சொன்னால், சரி, பணம் பிடிப்பதற்கு முன்னால், ரத்து செய்யும் இணைப்போடு சேர்த்து என்று கேளுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் என்பதற்கு இன்னொரு கதை. காப்பீடு புதுப்பிக்கும் கடிதத்தில், சென்ற ஆண்டு பிரீமியத்தை இந்த ஆண்டுத் தொகைக்குப் பக்கத்தில் அச்சிட்டால் என்ன ஆகும் என்று அதே பிரிட்டன் ஆணையம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் சோதித்தது. வீட்டுக் காப்பீட்டில் பிரீமியம் கடுமையாக ஏறிய இடங்களில், 11 முதல் 18 சதவீதம்வரை கூடுதலானவர்கள் நிறுவனத்தை மாற்றினார்கள் அல்லது பேரம் பேசினார்கள். ஒரே ஒரு எண்ணைச் சேர்த்ததற்கு இது நல்ல பலன்தான். 2017 ஏப்ரலில் அது கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் பழைய வாடிக்கையாளரிடம் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏற்றும் பழக்கம் நிற்கவில்லை. கடைசியில் 2022 ஜனவரி 1 முதல் நேரடி விதியே வந்தது. வீட்டு, வாகனக் காப்பீட்டில், புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் விலையைவிடப் பழைய வாடிக்கையாளரின் புதுப்பிப்பு விலை அதிகமாக இருக்கக் கூடாது. முதலில் சின்னத் தூண்டுதல், அது போதாது என்று தெரிந்ததும் கட்டமைப்பிலேயே கைவைப்பது. இவ்வளவுக்கும் இடையில் ஐந்து ஆண்டு போய்விட்டது. உங்கள் வரைவு அந்த ஐந்து ஆண்டை மிச்சப்படுத்தலாம்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் இதோ. அமெரிக்காவின் 2009 கிரெடிட் கார்டுச் சட்டம் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தது. ஒன்று, 36 மாதத்தில் கடனை அடைக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் பில்லில் சேர்த்தது. இன்னொன்று, கட்டணங்களுக்கே கட்டுப்பாடு விதித்தது. உதாரணமாக, லிமிட்டைத் தாண்டினால் வரும் கட்டணத்தை, வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால்தான் விதிக்கலாம் என்றது. சுமித் அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, பில்லில் வந்த வரியால் அந்த வேகத்தில் கடனை அடைக்கிற கணக்குகள் 0.4 சதவீதப் புள்ளிதான் கூடின. கட்டணக் கட்டுப்பாட்டால் மக்களுக்கு மிச்சமானது ஆண்டுக்கு 1,190 கோடி டாலர். ஒரே சட்டம், ஒரே மக்கள்.

'நட்ஜ்' என்று நாம் சொல்லும் மெல்லிய தூண்டுதலை நான் குறைத்துப் பேசவில்லை. என் வேலையில் பாதி அதுதான். ஆனால் ஒரு தூண்டுதலை எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இந்த மனிதர் தவறினால் லாபம் யாருக்கு? ஒருவர் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளை மறந்தால் யாருக்கும் லாபமில்லை. அங்கே ஒரு நினைவூட்டல் போதும், எதிர்த்து இழுக்க ஆள் கிடையாது. சந்தாவில் மறுமுனையில் ஒரு குழுவே உட்கார்ந்திருக்கிறது. எந்த நிறப் பொத்தானுக்கு எத்தனை பேர் மயங்குகிறார்கள் என்று தினமும் சோதித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. 2015இல் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் மறுவிற்பனைத் தளம், பல லட்சம் பேரிடம் இப்படி ஒரு சோதனை நடத்தியது. டிக்கெட் விலைக்கு மேல் வரும் கட்டணம் முதலிலேயே காட்டப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், கடைசித் திரையில் மட்டும் காட்டப்பட்டவர்கள் சுமார் 21 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள். நீங்கள் எழுதும் அறிவிப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைச் சுற்றிப் போக வழி கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

போட்டி இருந்தால் நேர்மையான நிறுவனம் முன்னால் வந்து இதையெல்லாம் சரி செய்யாதா என்று கேட்பார்கள். சேவியர் காபே, டேவிட் லெய்ப்சன் இருவரும் 2006இல் இதற்குப் பதில் சொன்னார்கள். பிரிண்டரை மலிவாக விற்று மையில் சம்பாதிக்கும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு நேர்மையான நிறுவனம், "அங்கே மை விலையைப் பாருங்கள்" என்று விளம்பரம் செய்கிறது. அதைப் படித்துத் தெளிந்தவர் என்ன செய்வார்? அந்த மலிவு பிரிண்டரையே வாங்குவார், மையில் மட்டும் சிக்கனமாக இருந்துகொள்வார். தெளிந்தவருக்கு லாபம், தெளியாதவர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார், பாடம் சொல்லிக்கொடுத்த நிறுவனத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நுகர்வோர் கொள்கை என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று என்னை யாராவது கேட்டால், நான் இந்தப் பிரிண்டரைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இனி, நான் கண்ணால் பார்த்த ஒன்று. புகார்ப் பிரிவில் இருந்த காலத்தில் ஓர் அம்மா வந்தார், ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு சந்தாவை நிறுத்த முடியவில்லை என்றார். போனை என்னிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே செய்யுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். 'என் கணக்கு' என்ற இடத்தில் ரத்து என்ற சொல்லே இல்லை. 'திட்டத்தை நிர்வகி' என்பதற்குள் போனார். முதல் திரை, இழக்கப்போகும் சலுகைகளின் பட்டியல். இரண்டாவது திரை, விலகும் காரணம் கேட்டது. ஒன்பது காரணம் இருந்தது, எதையும் தொடாமல் நகர முடியாது. மூன்றாவது திரையில் அடியில் பளிச்சென்று ஓர் ஆரஞ்சுப் பொத்தான், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொத்தான் என்றே தெரியாத ஒரு வரி: 'பரவாயில்லை, எனக்குச் சேமிப்பில் அக்கறை இல்லை'. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இதுவரை மேலே இருந்த பொத்தானை அழுத்தித்தானே வந்தோம் என்று ஆரஞ்சை அழுத்தினார். திரையில் வாழ்த்துச் செய்தி வந்தது. தள்ளுபடி விலையில் மூன்று மாதம் நீட்டித்திருந்தார். நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவர் அவர். என்னைப் பார்த்து, "நான்தாம்மா சரியாப் பார்க்கல" என்றார்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கூச்சத்தைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. கூச்சப்படுகிறவர்கள் புகார் கொடுப்பதில்லை. உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் புகார்கள், கூச்சத்தைத் தாண்டி வந்தவர்களுடையவை மட்டும். இந்த மாதிரித் திரைகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர். 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், நல்லதுக்குத் தடையாக வேண்டுமென்றே போடும் இந்தக் குழைசேற்றை 'ஸ்லட்ஜ்' என்கிறார். ஜேமி லுகூரி, லியோர் ஸ்ட்ராஹிலவிட்ஸ் நடத்தி 2021இல் வெளியான சோதனையில், மிதமான டார்க் பேட்டர்ன் பார்த்தவர்கள் சந்தாவில் சேர்வது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, முரட்டுத்தனமானவற்றில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முரட்டுத்தனமானதைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். மிதமானதைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை, குறைவாகப் படித்தவர்கள் அதில் அதிகம் விழுந்தார்கள். ஆகவே மிகக் கொடுமையானதை மட்டும் தடை செய்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

குழந்தைபோல் நடத்துகிறோம் என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மக்களுக்கு எது நல்லது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யும் ஆசை நம் தொழிலில் உண்டு, அதற்கு எதிராக யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இந்த வழக்கில் யார் யாரைக் குழந்தையாக நடத்துகிறார்கள்? அந்த ஆசிரியை "வேண்டாம்" என்று சொல்லத்தான் வந்தார். மூன்று திரை தாண்டியும் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஒரே தொடுதலில் சேர அனுமதித்தவர்கள், விலக அதே ஒரு தொடுதலைத் தரச் சொல்வது அவருடைய சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பது. நீங்கள் சந்தாவைத் தடை செய்யவில்லை, இலவச மாதத்தையும் தடை செய்யவில்லை. மேலதிகாரியிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

வரைவில் என்ன எழுதலாம்? விலகும் வழிதான் முதுகெலும்பு. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் தொடர் ஒப்பந்தம் விற்கிறவர்கள் 'ஒப்பந்தங்களை இங்கே ரத்து செய்க' என்ற பொருளில் ஒரு பொத்தானை எப்போதும் எளிதில் எட்டும்படி வைக்க வேண்டும். அதை அழுத்தினால் அடையாள விவரம் கேட்கும் ஒரு பக்கம், அதில் 'இப்போதே ரத்து செய்க' என்ற இரண்டாவது பொத்தான். அழுத்தியதும் தேதி நேரத்தோடு உறுதிச் செய்தி வந்துவிட வேண்டும். கவனியுங்கள், 'எளிதாக இருக்க வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பொத்தானில் எழுத வேண்டிய சொற்கள்வரை சட்டத்திலேயே இருக்கிறது. 'எளிது' என்ற சொல்லை நம்பினால், எது எளிது என்று பத்து ஆண்டு வாதாடுவார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் அமேசான் பிரைமுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ரத்து செய்யும் வழி நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகள் என்று எண்ணிச் சொன்னது. தவறை ஒப்புக்கொள்ளாமலே அந்த நிறுவனம் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. எண்ணிச் சொன்னதுதான் அங்கே பலம். இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகை டார்க் பேட்டர்ன்கள் பெயரோடு வரையறுக்கப்பட்டிருக்கின்றன, சந்தாப் பொறியும் அதில் ஒன்று. அந்த வரையறைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இலவச மாதம் முடிந்ததும் தானாகப் பணம் பிடிக்கலாமா என்பதில் ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. காப்பீடோ, கோப்புகளைச் சேமித்து வைக்கும் சேவையோ கவனிக்காமல் நின்றுபோனால் வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம். அங்கே தானாகத் தொடர்வதே நல்லது. பொழுதுபோக்கு, உடற்பயிற்சி போன்றவற்றில் நின்றுபோனால் குடி முழுகாது. அங்கே, 'ஆம்' என்று மறுபடி சொன்னால்தான் தொடரும் என்று வைக்கலாம். அது அதிகம் என்று தோன்றினால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியில் தன் விளையாட்டுச் சந்தாக்களுக்காக ஓர் உறுதிமொழி கொடுத்தது: நீண்ட காலம் பயன்படுத்தாமலே பணம் கட்டுகிறவர்களைத் தொடர்புகொண்டு நினைவூட்டுவோம், அதற்குப் பிறகும் பயன்படுத்தாவிட்டால் ஒரு கட்டத்தில் பணம் பிடிப்பதை நிறுத்திவிடுவோம். நீங்கள் செயலியைத் திறக்கவில்லை என்பது உங்களுக்கு மறந்துபோகலாம், அவர்களுடைய சர்வருக்கு மறக்காது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

மீறினால் என்ன என்பதை அபராதத்தோடு விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை ஆணையில், முன்கூட்டியே டிக் போட்டு வைத்துக் கூடுதல் பணம் வாங்கினால், அந்தப் பணம் வாடிக்கையாளருக்குத் திரும்ப வேண்டும். ஆர்டர் பொத்தானில் பணம் கட்ட வேண்டிவரும் என்பது தெளிவாக இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதாவது தந்திரம் செய்து சம்பாதித்தது கையில் நிற்காது. தந்திரத்தின் லாபத்தையே எடுத்துவிட்டால், பொத்தானின் நிறத்தை அளந்துகொண்டு நாம் பின்னால் ஓட வேண்டியதில்லை.

சோதித்துப் பாருங்கள், ஆனால் சரியானதை அளந்து சோதியுங்கள். பிரிட்டனில் கிரெடிட் கார்டுக்குத் தானியங்கிக் கட்டணம் அமைக்கும் திரையிலிருந்து 'குறைந்தபட்சத் தொகை' என்ற தெரிவை எடுத்துப் பார்த்தார்கள். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருபது சதவீதப் புள்ளிக்கு மேல் குறைந்தார்கள். வெற்றி என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தொடர்ந்து பார்த்தபோது மொத்தக் கடன் குறையவில்லை. டிக் எத்தனை, கிளிக் எத்தனை என்பதோடு நின்றால் இப்படித்தான் ஏமாறுவோம். பையில் எவ்வளவு மிச்சமானது என்பதை அளக்க வேண்டும். எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். டெல்லாவிக்னா, எலிசபெத் லினோஸ் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்விதழ்களில் வந்த தூண்டுதல்களின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. இரண்டு அமெரிக்க நட்ஜ் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளில், சுமார் 2.3 கோடிப் பேரிடம், அது 1.4தான்.

நடைமுறையில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில், சேர்ந்த அளவுக்கு எளிதாக ரத்தும் இருக்க வேண்டும் என்று நல்ல விதி ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதியின் உள்ளடக்கத்தில் குற்றம் கண்டு அல்ல, செய்ய வேண்டிய முதற்கட்டச் செலவு-பலன் ஆய்வை ஆணையம் வெளியிடவில்லை என்பதற்காக. மனசு கனத்துப்போனது எனக்கு. உங்கள் வரைவில் அந்தக் கணக்கை இப்போதே சேருங்கள்: நிறுவனங்களுக்குப் பொத்தான் வைக்க என்ன செலவு, மக்களுக்கு எவ்வளவு மிச்சம், ரத்தான சந்தாக்களால் வணிகத்துக்கு எவ்வளவு இழப்பு, அதில் எவ்வளவு மறதியிலிருந்து வந்த பணம்.

உங்கள் எட்டு மாதத்துக்கு வருகிறேன். இன்றே ரத்து செய்யுங்கள், செய்யும்போது ஒவ்வொரு திரையையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், எத்தனை தொடுதல், எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மாதத்தில் இரண்டே முறை பயன்படுத்தியதைச் சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பல நேரம் கேட்டாலே ஒரு பகுதி வரும். பிறகு உங்கள் அலுவலகப் பதிவேட்டில் உங்கள் புகாரையும் ஓர் எண் போட்டுச் சேருங்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட்களை வரைவின் முதல் இணைப்பாக வைத்து, மேலதிகாரியிடம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.